ஃபியூச்சுராவா, அவான்கார்டா, கோத்தமா: பிராண்ட் பெயருக்கு எந்தத் தடித்த எழுத்து?

பிராண்டுக்கு நல்ல தடித்த ஜியோமெட்ரிக் ஃபான்ட் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பெயர் என்ன, முதலில் எழுதிக் காட்டுங்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஒரு ஃபான்டில் நூற்றுக்கணக்கில் எழுத்துகள் இருக்கலாம், உங்கள் லோகோவில் வரப்போவது ஐந்தோ எட்டோ. அந்த எட்டில் வட்டம் அதிகமா குச்சி அதிகமா, ஆங்கில ஓ இருக்கிறதா, ஸ்மால் ஏ இருக்கிறதா என்பதை வைத்தே பாதி முடிவு வந்துவிடும். பெயரைச் சொல்லாமல் ஃபான்டை மட்டும் கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டை அளவு கேட்பது மாதிரி.

இன்னொரு தப்பு, ரெகுலர் வெயிட்டை (வெயிட் என்றால் எழுத்தின் தடிமன் அளவு) பார்த்து மயங்கிவிட்டுக் கடைசியில் அதன் போல்டை எடுத்து லோகோவில் போடுவது. ஜியோமெட்ரிக் ஃபான்ட் என்றால் கவராயமும் ஸ்கேலும் வைத்து வரைந்த மாதிரி இருக்கும் எழுத்து, சரி. கோடு மெல்லிசாக இருக்கிற வரைக்கும் அந்த வட்டம் வட்டமாகவே இருக்கும். கோட்டைத் தடிமனாக்கினால் அந்தக் கறுப்பு எங்காவது போய் உட்கார வேண்டும், உள்ளே இருக்கிற வெள்ளை சுருங்கும். போல்டில் ஸ்மால் லெட்டர் 'என்' ஒன்றைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். வளைவு குச்சியோடு சேரும் இடத்தில் கோடு மெலிந்திருக்கும். மெலிக்காமல் விட்டால் அந்த மூலையில் மை கொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். அதே மாதிரி, ஒரே அளவில் வரைந்தாலும் படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிடத் தடிமனாகக் கண்ணுக்குப் படும் என்பதால் அதைக் கொஞ்சம் இளைக்க வைத்திருப்பார்கள். ஓ-வை மேலும் கீழும் ஒரு மயிரிழை தள்ளி வரைந்திருப்பார்கள், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் எழுத்தைவிடச் சின்னதாகத் தெரியும். ஆக, சுத்த ஜியோமெட்ரி என்பது ஒரு பாவனைதான். அந்தப் பாவனையை 700, 800, 900 என்று எண்ணிட்ட தடித்த வெயிட்களிலும் யார் நன்றாகக் காப்பாற்றுகிறார்களோ அவர்கள் ஃபான்டுக்குத்தான் லோகோவில் இடம். மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும் பல ஃபான்ட்கள் சறுக்குவது இந்த மூலைகளில்தான்.

ஃபியூச்சுராவிலிருந்து ஆரம்பிப்போம், எப்படியும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். பால் ரென்னர் வரைந்து, ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் அச்செழுத்து வார்ப்பகம் 1927-இல் வெளியிட்டது. பௌஹவுஸ் (ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளி) ஃபான்ட் என்று பலர் சொல்வார்கள், ரென்னர் பௌஹவுஸில் இருந்தவர் இல்லை, அந்தக் காலத்துக் காற்று அவர் மேலும் அடித்தது, அவ்வளவே. அவருடைய முதல் வரைவுகள் இன்னும் முரட்டுத்தனமானவை, ஸ்மால் ஆர் வெறும் ஒரு குச்சியும் பக்கத்தில் ஒரு புள்ளியுமாக இருந்தது. அச்சுக்கு வரும்போது அதையெல்லாம் அடக்கிவிட்டார்கள். 1969-இல் அப்போலோ 11 நிலாவில் விட்டு வந்த பலகையில் இருப்பதும் இந்த எழுத்துதான்.

லோகோவுக்கு ஃபியூச்சுரா தரும் பெரிய லாபம் அதன் கேப்பிட்டல் எழுத்துகளின் அகலம். பழைய ரோமானியக் கல்வெட்டு எழுத்தின் அளவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது அது: இ, எஃப், எஸ் எல்லாம் ஒடுங்கி நிற்கும், ஓ, சி, ஜி எல்லாம் கைகாலை விரித்து உட்கார்ந்திருக்கும். பெயரில் இரண்டு வகையும் கலந்து வந்தால் ஒரு தாளம் தானாக வரும், எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் விரித்துவிட்டால் போதும், வேறு அலங்காரமே தேவைப்படாது. ஆனால் பெயர் முழுக்க ஒடுங்கிய எழுத்தாக வந்து நடுவில் ஒரே ஒரு ஓ மட்டும் இருந்தால், கூட்ட நெரிசலில் ஒருவர் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போல இருக்கும். இன்னொரு விஷயம், மெல்லிய வெயிட்டில் ஏ, எம், என் எல்லாம் ஊசி முனையோடு நிற்கும், அந்த ஊசிக்காகவே ஃபியூச்சுராவைத் தேடி வருபவர்கள் உண்டு, போல்டுக்கு வந்ததும் அந்த முனை மழுங்கித் தட்டையாகிவிடும். ஊசி வேண்டும், தடிமனும் வேண்டும் என்றால் ஃபியூச்சுரா உங்களுக்குக் கை கொடுக்காது.

போல்டைச் சாய்த்து வைத்தால் வேறொரு பிரச்சினை. கலைஞர் பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக ஃபியூச்சுரா போல்டைச் சாய்த்துப் பயன்படுத்திப் பயன்படுத்தி அதைத் தன் கையெழுத்தாகவே ஆக்கிவிட்டார், அப்புறம் சுப்ரீம் என்ற உடை பிராண்டும் அதே பாணியைக் கையில் எடுத்தது. இனி யார் அப்படிப் போட்டாலும் பார்க்கிறவருக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் ஞாபகம் வரும். நிறத்தை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வரத்தான் செய்கிறது.

ஃபியூச்சுராவை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள், அந்தப் பெயரில் பல கம்பெனிகள் தனித்தனி டிஜிட்டல் பதிப்பு விற்கின்றன. இடைவெளி, தடிமன் எல்லாம் ஒன்றுக்கொன்று சற்றே மாறும். டிசைனரிடம் ஒரு பதிப்பு, பிரிண்டரிடம் வேறு பதிப்பு என்றால், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ மாறியது தெரியும்.

பணம் போடாமல் ஃபியூச்சுரா சாயல் வேண்டும் என்றால் ஜோஸ்ட் இருக்கிறது, ஓவன் ஏர்ல் வரைந்தது. சாய்வெழுத்தோடு வருகிறது, எல்லா வெயிட்டும் ஒரே வேரியபிள் கோப்பில், அதாவது தடிமனை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் கோப்பில், கிடைக்கும். லீக் ஸ்பார்ட்டன் இன்னொன்று. அது முதலில் ஒரே ஒரு போல்ட் வெயிட்டாக மட்டும் வந்தது, மற்ற வெயிட்கள் பிறகு சேர்ந்தவை. அந்தப் பிறப்பு இன்னும் தெரிகிறது, போல்டில்தான் அது தெம்பாக இருக்கிறது, மெலிந்த வெயிட்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. போஸ்டர் தலைப்பு, நாலைந்து எழுத்துப் பெயர் என்றால் இரண்டில் லீக் ஸ்பார்ட்டனை எடுப்பேன். சாய்வெழுத்து வேண்டும், சின்ன வரிகளும் அதே ஃபான்டில் வர வேண்டும் என்றால் ஜோஸ்ட்.

அடுத்தது அவான்கார்ட். இதன் கதையைத் தெரிந்துகொண்டால் எங்கே பயன்படும், எங்கே படாது என்பது தானாகப் புரியும். 1968-இல் அவான்கார்ட் என்ற பத்திரிகைக்கு ஹெர்ப் லூபலின் ஒரு தலைப்பு லோகோ செய்தார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பக்கத்து எழுத்தோடு தோள் உரசி நிற்கும் லோகோ. அதை வைத்து அவரும் டாம் கர்னேஸும் செய்த முழு ஃபான்ட் 1970-இல் ஐடிசி கம்பெனி வழியாக வந்தது. அதாவது ஒரு லோகோவிலிருந்து ஃபான்ட் பிறந்திருக்கிறது, வழக்கம் தலைகீழ். அதனால்தான் அதில் சாய்ந்த ஏ, ஒட்டிப் பிறந்த இரட்டை எழுத்துகள் என்று ஏராளமான கூட்டெழுத்துகள் இருக்கின்றன. பெயரில் எல்-லும் ஏ-வும் பக்கத்தில் வந்தால் பெரிய அதிர்ஷ்டம், 'எல்'லின் படுக்கைக் கோட்டில் ஏ வந்து சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும், பாதி லோகோ அங்கேயே முடிந்தது. ஆனால் கை கட்டாவிட்டால் ஒரே சொல்லில் மூன்று கூட்டெழுத்துப் போட்டுவிடுவோம், அப்புறம் படிக்கிறவர் புதிர் விடுவிக்க வேண்டியதுதான். ஒன்று போதும்.

ஸ்மால் லெட்டரில் ஃபியூச்சுராவுக்கு இது நேர் எதிர். ஃபியூச்சுராவில் உடம்பு சின்னது, மேலே எழும் குச்சிகள் நீளம். அவான்கார்டில் உடம்பு பெரிசு, குச்சிகள் குட்டை. ஒரே அளவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவான்கார்ட் ஒரு சைஸ் பெரிதாகத் தெரியும். ஆப் ஐகான் மாதிரி சின்ன சதுரத்துக்குள் பெயரை அடக்க வேண்டியிருந்தால் இது பெரிய உதவி. அடிடாஸ் லோகோவின் வட்ட வட்டமான சின்ன எழுத்துகள் இந்தக் குடும்பத்து டெமி வெயிட்டை (போல்டுக்கு ஒரு படி கீழே) திருத்திச் செய்தவை.

இதற்கும் இலவச நகல் உண்டு, யூஆர்டபிள்யூ கோத்திக் என்ற பெயரில். ஆனால் அது பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்களில் இருந்த 35 ஃபான்ட்களுக்கு மாற்றாக வந்தது, அந்த 35-இல் அவான்கார்டின் புக் (ரெகுலர் மாதிரி வெயிட்), டெமி இரண்டும் அவற்றின் சாய்வும்தான் இருந்தன, நகலிலும் அவ்வளவுதான். டெமிக்கு மேல் தடிமன் கிடையாது, லூபலினின் கூட்டெழுத்துகளும் கிடையாது. எதற்காக அவான்கார்டைத் தேடினோமோ அதுவே இல்லை என்பேன். செஞ்சுரி கோத்திக் பலர் கணினியில் ஆபீஸ் தொகுப்போடு ஏற்கெனவே இருக்கும். 1991-இல் மோனோடைப் அதை அவான்கார்டின் அகல அளவுகளுக்கு அப்படியே பொருந்தும்படி செய்தது. வேலைக்கு ஆகும், ஆனால் எல்லோர் கணினியிலும் இருப்பதாலேயே பிறந்தநாள் அழைப்பிதழ் வாசனை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிராண்டுக்கு வேண்டாம்.

கோத்தமும் மான்செராட்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் அதிகம். பிறந்த விதம் ஒரே மாதிரி, இரண்டுமே பழைய தெருப் பலகைகளைப் பார்த்து வந்தவை. கோத்தம் 2000-இல் ஜிக்யூ பத்திரிகைக்காக டோபியாஸ் ஃபிரேர்-ஜோன்ஸ், ஜெஸ்ஸி ரேகனோடு சேர்ந்து செய்தது. நியூயார்க் கட்டடங்களின் முகப்பில் இருந்த பழைய எழுத்துகள், முக்கியமாக போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையப் பலகை, அதற்கு மாதிரி. மான்செராட் புவனோஸ் அய்ரஸில் அதே பெயருள்ள பகுதியின் பலகைகளைப் பார்த்து ஹூலியேட்டா உலனோவ்ஸ்கி செய்தது, இலவசம். இரண்டும் கவராயத்தில் பிறந்தவை இல்லை, பலகை எழுதியவர்கள், கட்டடத்தில் எழுத்துப் பதித்தவர்கள் கையில் பிறந்தவை. அதனால் ஃபியூச்சுராவைப் போல ஒடுங்குவதும் விரிவதும் இல்லாமல் எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் தோளோடு தோள் நிற்கும்.

கேப்பிட்டலில் எழுதும் பெயருக்கு இந்த இரண்டையும் அடிக்க ஆளில்லை என்பது என் கருத்து. 2008-இல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரம் முழுக்க கோத்தம்தான். ஒரே ஒரு சொல்லைக் கேப்பிட்டலில், போல்டில் போட்டால் அது கத்தாமல் உறுதியாகப் பேசுகிற மாதிரி இருக்கும், அந்தக் குணத்துக்காகத்தான் அதை எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அதே காரணத்தால் அதன் பிறகு வங்கி, கட்டுமானக் கம்பெனி, படப் போஸ்டர் என்று எல்லா இடத்திலும் கோத்தம் நுழைந்துவிட்டது, இன்றைக்கு யாருடைய குரல் என்றே சொல்ல முடியாத குரல் அது.

இரண்டுக்கும் நடுவே தேர்வு செய்ய ஒரு விஷயம் போதும்: இடம். மான்செராட் அகலம், ஒரே சைஸில் போட்டால் கோத்தத்தைவிட அதிக இடம் பிடிக்கும். பன்னிரண்டு எழுத்துப் பெயரை மான்செராட்டின் மிகத் தடித்த பிளாக் வெயிட்டில் போட்டுவிட்டு மொபைல் திரையின் மேல் பட்டையில் அடக்கப் பார்த்தால் எழுத்தைப் பாதியாகச் சுருக்க வேண்டியிருக்கும். கோத்தத்துக்கு நேரோ, கண்டென்ஸ்டு என்று ஒடுங்கிய சகோதரர்கள் இருக்கிறார்கள். ஒடுக்கிய பிறகு அதில் ஜியோமெட்ரி ஒன்றும் பெரிதாக மிஞ்சாது, ஆனாலும் குடும்ப முகம் இருக்கும். மான்செராட்டில் அந்த வசதி இல்லை. ஒடுங்கிய எழுத்து வேண்டுமென்று மென்பொருளில் பக்கவாட்டில் அமுக்காதீர்கள், நிற்கும் கோடுகள் மட்டும் மெலிந்து படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பாப்பின்ஸ் பற்றி என் மனசு இரண்டாக இருக்கிறது. இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி செய்தது, லத்தீனும் தேவநாகரியும் ஒரே கையால் வரைந்த மாதிரி ஒத்துப் போகும், ஒன்பது வெயிட், சாய்வையும் சேர்த்தால் 18 வகை, இலவசம். போல்டில் மூலைகளைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், நான் முதலில் சொன்ன 'என்' சோதனையில் நன்றாகவே தேறுகிறது. லோகோ, பட்டன், தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஃபான்ட் போதும் என்கிற சின்ன டீமுக்கு இதைவிடத் தொந்தரவில்லாத தேர்வு எனக்குத் தெரியவில்லை. ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. தேவநாகரியின் மேல், கீழ் குறிகளுக்கும் இடம் வேண்டும் என்பதால் வரி உயரத்தை ஏற்கெனவே தாராளமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வரித் தலைப்பு போட்டால் நடுவில் ஆள் நடந்து போகும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும், வரி உயரத்தைக் கையால் குறைத்தே ஆக வேண்டும். இன்னொரு குறை அதன் மேல் குற்றமே இல்லை, எங்கே திரும்பினாலும் அதுதான். தமிழ் எழுத்து அதில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழியிலும் பெயர் வர வேண்டும் என்றால் அனெக் தமிழ் மாதிரி, இரண்டு எழுத்தும் சேர்த்தே வரைந்த குடும்பத்திலிருந்து தொடங்குவது நல்லது.

சர்க்குலர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். லாரன்ஸ் புருன்னர் செய்து லினெட்டோ என்ற ஃபான்ட் கம்பெனி 2013-இல் வெளியிட்ட அழகான ஃபான்ட். ஏர்பிஎன்பி, ஸ்பாட்டிஃபை என்று பெரிய பெயர்கள் அதைக் கட்டிக்கொண்டன, பிறகு இருவருமே விலகித் தங்களுக்கென்று தனி ஃபான்ட் செய்துகொண்டார்கள், ஏர்பிஎன்பி 2018-இல், ஸ்பாட்டிஃபை 2024-இல். நடுவில் நூறு புது ஆப்கள் அதே வட்ட முகத்தோடு வந்து சேர்ந்ததுதான் மிச்சம். இன்று புதிதாகத் தொடங்கும் பிராண்ட் அதை எடுத்தால் யாரோ ஒருவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றும். அதற்கு அட்ரியன் ஃப்ருட்டிகரின் அவெனிர் எவ்வளவோ மேல். 1988-இல் வந்தது. அதன் ஓ முழு வட்டம் கிடையாது, கோடுகளும் ஒரே தடிமன் கிடையாது, அந்தச் சின்னப் பொய்களால்தான் நீண்ட வரியிலும் கண் களைக்காது. ஆனால் பளிச்சென்று அடிக்கும் தலைப்புக்கு அவெனிர் கொஞ்சம் மரியாதையான ஆள்.

உரிமத்தில் இலவசத்துக்கும் காசுக்கும் உள்ள வித்தியாசம் வாங்கும் விலையோடு முடிவதில்லை. மான்செராட், பாப்பின்ஸ், ஜோஸ்ட் எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. லோகோ, இணையதளம், ஆப், அச்சு எதற்கும் போட்டுக்கொள்ளலாம், ஃபான்டையே தனியாக விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதில் டெஸ்க்டாப்புக்கு ஒரு உரிமம், இணையத்துக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று, சிலர் லோகோவுக்கே தனி. லோகோவுக்கு மட்டும் என்றால் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு ஒரு டெஸ்க்டாப் உரிமத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும், ஆனாலும் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஆள் பெருகி, பார்வை பெருகி, கட்டணமும் கூடவே ஏறும் என்பதை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஒரு கம்பெனியே உரிமச் செலவைக் குறைக்க 2018-இல் கோத்தத்தை விட்டுவிட்டுத் தனக்கென்று ஃபான்ட் செய்துகொண்டது.

ஸ்மால் ஏ பற்றி இன்னும் சொல்லவில்லை, நான் அதிகம் அடிபட்டது அங்கேதான். ஃபியூச்சுரா, அவான்கார்ட், ஜோஸ்ட், லீக் ஸ்பார்ட்டன், இவற்றில் ஸ்மால் ஏ ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு குச்சியும். கோத்தம், மான்செராட், பாப்பின்ஸ், அவெனிர், இவற்றில் தலைக்கு மேல் கூரை போட்ட இரண்டடுக்கு ஏ. வட்ட ஏ அழகு, ஆனால் பக்கத்தில் ஓ வந்தால் தூரத்திலிருந்து எது எது என்று தெரியாது. இரண்டடுக்கு ஏ தெளிவு, ஆனால் சின்னதானால் அடைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 பிக்சல் ஐகானில் ஸ்மால் லெட்டரின் உடம்பு 8 பிக்சல் என்று வையுங்கள். இரண்டடுக்கு ஏ-வுக்கு மூன்று படுக்கைக் கோடும் நடுவில் இரண்டு வெள்ளையும் வேண்டும், அதாவது ஐந்து அடுக்கு, ஒன்றுக்கு ஒன்றரை பிக்சல் சொச்சம்தான். போல்டில் கோடு அதைத் தாண்டிவிடும், வெள்ளை காணாமல் போகும். வட்ட ஏ-வுக்கு இரண்டு கோடும் ஒரு வெள்ளையும் போதும். எனவே ஒற்றை எழுத்து ஐகான் முக்கியம், அந்த எழுத்து ஏ என்றால், ஓ-வோடு குழம்புமோ என்று கவலைப்படாமல் வட்ட ஏ பக்கம் போங்கள்.

குச்சிகளிலும் அடிபட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் பெயர் கேப்பிட்டல் ஐ-யில் தொடங்கி அடுத்து இரண்டு ஸ்மால் எல். கோத்தம் போல்டில் போட்டுக் கொடுத்தேன், அவர்களுக்கும் பிடித்தது, ஒப்புதலும் ஆகிவிட்டது. பெயரை முன்பே தெரிந்த நாங்கள் எல்லோரும் அதைச் சரியாகவே படித்தோம். முதல் தடவை பார்த்த வெளியாள் ஒருவர் "ஏன் முன்னால் மூன்று ஸ்டம்ப் நட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அப்புறம் எனக்கும் ஸ்டம்ப் மட்டும்தான் தெரிந்தது. பாப்பின்ஸ், மான்செராட், அவெனிர் என்று வரிசையாக மாற்றிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஸ்டம்ப்தான், சிலதில் கொஞ்சம் உயரம் மாறியது, அவ்வளவே. ஐ-க்கு மேலும் கீழும் குறுக்குக் கோடு போட்டுப் பார்த்தோம், ரயில் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் முதல் எழுத்தையும் ஸ்மால் லெட்டராக்கினோம். மேலே ஒரு புள்ளி வந்தது, பெயர் படிக்க வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோத்தமா பாப்பின்ஸா என்ற கேள்வி, புள்ளி சதுரமா வட்டமா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது. கோத்தத்தில் சதுரம், பாப்பின்ஸில் வட்டம். வாடிக்கையாளர் வட்டம் என்றார், நான் மனசுக்குள் சதுரம் என்றேன்.